வெள்ளம் வடிந்த பின் கிணற்று ஜலம்

வெள்ளம் வடிந்துவிட்டால் ஆபத்தும் வடிந்துவிட்டதென்று எண்ணுவது கிராமாந்தரங்களில் வழக்கமாக இருந்து வருகிறது. இடிந்த சுவரையும், அழுகிய பயிரையும், அடித்துச் செல்லப்பட்ட ஆடு மாடுகளையும் கணக்கெடுத்து, நிவாரணத்துக்கு மனுச் செய்துகொண்ட பின் ஜனங்கள் தத்தம் தொழிலைப் பார்க்கப் போய்விடுகின்றனர். நஷ்டக் கணக்கில் கிணற்றை எவரும் சேர்ப்பதில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதில் ஜலமும் முன்னைவிட மிகுதியாக ஏறியிருக்கிறது. ஆகையால் அது லாபமென்றே கருதப்படுகிறது. வாந்திபேதியும் டைபாய்டு ஜுரமும் சீதபேதியும் பெரும்பாலும் இந்த லாபத்தின் வழியாகவே வீட்டிற்குள் நுழைகின்றன.

பாலாற்றங்கரையார் இதனை மற்றவரைவிட நன்கு அறிந்திருத்தல் அவசியம். 1903-ஆம் ஆண்டு நவம்பரில் மைசூர்ச் சீமையில் பெய்த பெருமழையால் அங்குள்ள ஏரிகள் அடுத்தடுத்து உடைந்து, அந்த வெள்ளம் பாலாற்றில் இறங்கி வாணியம்பாடியில் சுமார் 200 பேரின் உயிரைக் கொண்டுபோயிற்று. பிற்காலத்தில் ஆறு பல பத்தாண்டுகள் பெரும்பாலும் மணலாகவே கிடந்தமையால், வெள்ளமென்பது பாட்டனார் சொல்லும் கதையாகிவிட்டது. 2021-ஆம் ஆண்டு நவம்பரில் அதே ஆறு இரு கரையும் புரண்டு ஓடிற்று. மோர்தானா அணை நிரம்பி வழிந்து, கௌண்டின்ய நதி குடியாத்தத்தில் கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. அம்மாதம் 19-ஆம் தேதி பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீடு இடிந்து 9 பேர் மாண்டனர். இத்தகைய மரணம் எல்லோர் கண்ணிலும் படுகிறது. பத்து நாள் கழித்து ஒரு குழந்தை பேதியில் இறந்தால், அதை வெள்ளக் கணக்கில் எழுதுவோர் இல்லை.

இதற்குக் காரணம் வியாதி தாமதித்து வருவதேயாகும். வாந்திபேதிக் கிருமி உடலிற் புகுந்த சில மணி நேரம் முதல் ஐந்து நாட்களுக்குள் வேலையைக் காட்டுகிறது. டைபாய்டு ஜுரத்துக்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரங்கள் செல்லும். எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் தேங்கிய ஜலத்தில் நடந்தவருக்கு ஒன்றிரண்டு வாரங்களுக்குப் பிறகே தோன்றுவது வழக்கம். அதற்குள் தெரு காய்ந்து, வெயிலும் வந்துவிடுகிறது. காய்ச்சலுக்கு வெயிலைக் காரணமாகச் சொல்லிவிடுவது எளிது.

கிணற்றுக்குள் கிருமி செல்லும் வழி வெகு சாதாரணமானது. ஏரிக்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் கழித்த மலத்தை மழைநீர் கரைத்துக்கொண்டு வருகிறது. கக்கூஸ் குழிகளும் செப்டிக் டாங்குகளும் நிரம்பி வழிகின்றன. சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றில் அந்த ஜலம் மேலிருந்து விழுகிறது. சுவர் உள்ள கிணற்றிலும் மேல்மண் ஊறிப் பக்கவாட்டில் கசிந்து இறங்குகிறது. வாசலிலுள்ள கைப்பம்பைச் சுற்றிச் சிமெண்டுத் தளம் வெடித்திருந்தால், குழாயை ஒட்டியே அழுக்கு கீழே போய்விடும். ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் ஜலம் சுத்தமாகவே புறப்பட்டாலும், இடையில் உடைந்த குழாய் சாக்கடைக்குள் கிடந்தால், பம்பு நின்ற வேளையில் சாக்கடையை உறிஞ்சிக்கொள்ளும். இவற்றில் எதுவும் ஜலத்தின் நிறத்தையோ ருசியையோ மாற்ற வேண்டுமென்பதில்லை. தெளிந்த ஜலம் சுத்தமான ஜலம் என்னும் நம்பிக்கையே இவ்விஷயத்தில் பெரிய கேட்டைச் செய்கிறது.

இவ்வியாதிகள் காற்றாலோ தெய்வ கோபத்தாலோ வருவதல்ல என்பது நெடுநாளைக்கு முன்பே ருசுவாகிவிட்டது. 1854-ஆம் ஆண்டில் லண்டன் நகரில் ஜான் ஸ்நோ என்ற வைத்தியர், ஒரு தெருவில் வாந்திபேதியால் இறந்தவர்கள் பெரும்பாலும் ஒரே பம்பின் ஜலத்தைக் குடித்தவர்கள் என்று வீடு வீடாக விசாரித்துக் காட்டினார். அந்தப் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. 1884-இல் ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் காக் கல்கத்தாவில், ஜனங்கள் குளிக்கவும் துவைக்கவும் குடிக்கவும் பயன்படுத்திய ஒரு குளத்து ஜலத்திலேயே அக்கிருமியைக் கண்டார். ஏரியும் குளமும் நம்பி வாழும் நமது கிராமங்களுக்கு இரண்டாவது செய்தியே அதிகம் பொருந்தும்.

வேலூருக்கும் இதில் ஓர் இடம் உண்டு. 1992-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையிலும் வேலூரிலும் மதுரையிலும் புதுவகை வாந்திபேதிக் கிருமியொன்று தலைகாட்டிற்று. ஓ 139 என்று பெயரிடப்பட்ட அக்கிருமி பழைய கிருமியைச் சமாளித்துப் பழகிய பெரியவர்களையும் விட்டுவைக்கவில்லை. அதனை முதலில் கண்டறிந்து உலகுக்குத் தெரிவித்தவர்களுள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாரும் அடங்குவர். கிருமி வேஷம் மாறலாம். ஆனால் பழைய கிருமியைக் கொல்லும் குளோரினே புதியதையும் கொல்லும். கொதிக்க வைத்த ஜலத்தில் இரண்டும் பிழைப்பதில்லை. அதே கல்லூரியார் 2017-க்கும் 2020-க்கும் இடையே பங்குகொண்டு நடத்திய கண்காணிப்பில், டைபாய்டு ஜுரம் வேலூர் நகரச் சிறுவரிடையே இன்னும் மிகுதியாக இருப்பது வெளியாயிற்று. ஆகவே இது ஒழிந்துபோன வியாதிகளைப் பற்றிய பேச்சன்று.

கிராமத்துக்கும் நகரத்துக்கும் இவ்விஷயத்தில் வேலி கிடையாது. காட்பாடி, விரிஞ்சிபுரம், அணைக்கட்டு, பள்ளிகொண்டா முதலிய இடங்களிலிருந்து மளிகைக்கும் மண்டிக்கும் லாங் பஜாருக்கு வந்து போகும் அங்கத்தினர்கள், மழைநாளில் அக்குறுகிய கடைத்தெருவில் சாக்கடையும் நடைபாதையும் கலந்துவிடுவதைக் கண்டிருப்பர். அச்சேற்றில் நின்ற கூடையிலிருந்து வாங்கிய கீரையும் கொத்துமல்லியும் பச்சையாகவே சட்னிக்குப் போகின்றன. அரிந்து வைத்த பழத்துண்டுகளின் மீது தெளிக்கும் ஜலம் எங்கிருந்து வந்ததென்று கேட்பவர் இல்லை. பஜாருக்குப் போகும் நாளில் வீட்டிலிருந்து ஒரு பாட்டில் ஜலம் கொண்டுபோவதும், சூடாக எதிரில் சமைத்ததை மட்டும் உண்பதும், தோலுரித்துத் தின்னும் வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொள்வதும் கௌரவக் குறைவல்ல. வாங்கி வந்த கீரையை வீட்டில் சுத்தமான ஜலத்தில் பலமுறை அலசி, நன்றாக வேகவைத்தே உண்ணவேண்டும்.

இனிக் கிணற்றைச் சுத்திசெய்யும் முறையைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். ஏனெனில் பிளீச்சிங் பவுடரைக் கைக்கு வந்தபடி அள்ளி வீசிவிட்டுத் திருப்தியடைவதே பல இடங்களில் நடக்கிறது. கிணற்று மேட்டில் வெள்ளைக் கோலம் போட்டாற்போல் தூவுவதால் பார்வைக்கு வேலை நடந்ததாகத் தோன்றுமேயன்றி ஜலம் சுத்தமாவதில்லை.

வெள்ளம் புகுந்த கிணற்றை முதலில் இறைத்துச் சேற்றையும் குப்பையையும் அகற்றவேண்டும். ஆனால் அவசரம் கூடாது. சுற்றிலுமுள்ள மண் ஊறிக் கனத்திருக்கும்போது கிணற்றை விரைந்து காலிசெய்தால், உள்ளே தாங்கும் ஜலம் போய்விடுவதால் சுவர் சரிந்து விழக்கூடும். சுற்றுப்புறத்து ஜலம் வற்றும் வரை பொறுத்துப் படிப்படியாக இறைப்பதே தக்கது. டீசல் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவது கண்டிப்பாகக் கூடாது. அதன் புகை கீழே தங்கி, இறங்கிய ஆளை மூச்சற வைத்துவிடும். வெகுநாள் மூடிக்கிடந்த கிணற்றில் எஞ்சின் இல்லாமலே விஷவாயு இருக்கலாம். ஒருவர் விழுந்தாரென்று அடுத்தவர் குதித்து இருவரும் மடிந்த செய்திகள் பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றன.

சேறு நீங்கி ஜலம் தெளிந்த பின் அளவெடுக்கவேண்டும். வட்டக் கிணறாயின் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, அதை ஜலத்தின் ஆழத்தால் பெருக்கி, வந்ததை 0.785-ஆல் பெருக்கினால் கன மீட்டர் கிடைக்கும். ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். சதுரக் கிணற்றுக்கு நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கினால் போதும். உதாரணமாக 3 மீட்டர் விட்டமும் 4 மீட்டர் ஜலமும் உள்ள கிணற்றில் சுமார் 28,000 லிட்டர் இருக்கிறது. நல்ல பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது சாதாரண காலத்துக்குரிய அளவு. எனவே அக்கிணற்றுக்கு 70 கிராம். வெள்ளத்துக்குப் பின் முதல் முறை இதனை இரட்டித்து 140 கிராம் இடுவது உசிதம். அழுக்கு மிகுந்த ஜலம் குளோரினில் ஒரு பங்கைத் தானே விழுங்கிவிடும். சங்கத்தில் உரமும் விதையும் நிறுக்கத் தராசு இருக்கையில், இதனை மட்டும் உத்தேசமாகப் போடுவதற்கு நியாயமில்லை.

தூளை நேராகக் கிணற்றில் கொட்டலாகாது. பிளாஸ்டிக் வாளியொன்றில் சிறிது ஜலம் விட்டுக் குழைத்து, பிறகு முக்கால் வாளி அளவுக்கு நிரப்பிக் கலக்கி, பத்து நிமிஷம் தெளியவிடவேண்டும். அடியில் தங்குவது வெறும் சுண்ணாம்பு. அதைக் கிணற்றில் விடுவதால் ஜலம் கடினமாவதன்றிப் பயனில்லை. மேலே நிற்கும் தெளிவை வேறொரு வாளியில் மாற்றி, கயிற்றில் கட்டி ஜலமட்டத்துக்குக் கீழே இறக்கி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் நன்றாக ஆட்டிக் கலக்கவேண்டும். ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் கரைக்காமல், அதிகம் வேண்டுமாயின் இரண்டு வாளிகளில் கரைத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் எவரும் ஜலம் எடுக்கலாகாது. ஆகையால் இரவில், பெண்டிர் கடைசிக் குடம் எடுத்த பின் செய்வதே சௌகரியம். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்கவேண்டும். இதனைப் பார்க்கும் சிறு சோதனைப் பெட்டியை ஊராட்சியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டுப் பெறலாம். வாசனையே இல்லையெனில் பெரும்பாலும் அளவு போதவில்லையென்று கொண்டு மறுமுறை இடவேண்டும். ஊரில் பேதி கண்டிருக்குமாயின் நாள்தோறும் இவ்வாறு செய்வது அவசியம்.

தூளைக் கையாள்பவர் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு அது சேர்ந்தால் நெஞ்சைப் பிடிக்கும் விஷவாயு கிளம்பும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைப்பதே தவறு. புதிய தூளில் மூன்றில் ஒரு பங்குதான் வேலைசெய்யும் குளோரின். மூட்டையைப் பிரித்து வைத்தால் அதுவும் காற்றோடு போய்விடுகிறது. வாசனை போன தூளும் சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பும் ஏறக்குறைய ஒன்றே.

ஒரு வீட்டுக்குரிய சிறு கிணற்றுக்கு நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வுக் கழகத்தார் இரட்டைப் பானை முறையொன்றை வகுத்துள்ளனர். 1 கிலோ பிளீச்சிங் பவுடரை 2 கிலோ பருமணலோடு சிறிது ஈரப்படுத்திக் கலந்து, துளையிட்ட சிறு பானையில் இட்டு, அதனைத் துளையிட்ட பெரிய பானைக்குள் வைத்து, வாயைக் கட்டி ஜலமட்டத்துக்கு 1 மீட்டர் கீழே தொங்கவிடுவர். சுமார் 4,500 லிட்டர் கொண்ட கிணற்றில், தினம் 400 லிட்டர் அளவுக்கு இறைத்தால், அது இரண்டு மூன்று வாரம் வேலைசெய்யும். குயவரிடம் சொன்னால் பானை கிடைக்கும்.

மருந்து வாசனை வீசுகிறது, சோறு கெடுகிறது, ஆண்மை குறையும் என்றெல்லாம் சொல்லிக் குளோரின் இட்ட கிணற்றைவிட்டு ஏரிக்குப் போகிறவர்கள் உண்டு. இவர்களோடு வாதிடுவதால் பயன் சிறிது. மேற்கூறிய அளவில் குளோரின் உடலுக்கு யாதொரு கெடுதியும் செய்வதில்லையென்பதைச் சொல்லி, குடத்தைத் திறந்து வைத்துச் சில மணி நேரம் கழித்து எடுத்தால் வாசனை அடங்கிவிடுவதைக் காட்டுவதே போதுமானது. அப்படித் திறந்து வைக்கும் குடத்தின் மேல் மெல்லிய துணி போட மறக்கலாகாது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பக்கத்தாருக்கு இங்கே தனியாக ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. தோல் பதனிடும் தொழிலால் இப்பிரதேசத்தில் அநேக கிணறுகளில் உப்பும் குரோமியம் முதலிய ரசாயனங்களும் இறங்கியுள்ளன. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் தேதி இதுபற்றி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு பிரசித்தமானது. இந்த மாசு கிருமியன்று. கொதிக்க வைத்தால் அது சாவதில்லை. ஜலம் ஆவியாகக் குறையக் குறைய உப்பு இன்னும் செறிகிறது. குளோரினும் அதை ஒன்றும் செய்யாது. பெருவெள்ளம் வந்தால் பழைய கழிவெல்லாம் அடித்துப் போய்க் கிணறு இனிப்பாகிவிடுமென்று சிலர் சொல்வதை நம்பிவிடலாகாது. வெள்ளம் கழிவை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் விடவும் கூடும். தோல் ஷாப்புகளுக்கு அருகேயுள்ள கிணற்றைத் துவைக்கவும் கழுவவும் வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் குழாய் ஜலத்தையோ லாரி ஜலத்தையோ பெறுவதே வழி. அந்த ஜலத்துக்கும் குளோரின் சோதனை உண்டு.

வீட்டில் செய்யவேண்டியது சொற்பமே. ஜலத்தைத் தளதளவென்று கொதி வரும்வரை காய்ச்சி, அதே பாத்திரத்தில் மூடி ஆறவைத்து, நீண்ட கைப்பிடியுள்ள கரண்டியால் எடுக்கவேண்டும். கைவிட்டு மொண்டால் காய்ச்சிய விறகு வீணாயிற்று. கலங்கல் ஜலமாயின் முதலில் தெளியவைத்துக்கொள்வது நல்லது. தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்ப்பது நம் முன்னோர் கண்ட நல்ல உபாயம். ஆயினும் அது மண்ணைப் படியவைக்குமேயன்றிக் கிருமியைக் கொல்வதாகாது. விறகும் காஸும் அகப்படாத வெள்ள நாட்களில், துவைத்துத் துவைத்துப் பழசான பருத்திச் சேலையைப் பல மடிப்பாக மடித்து வடிகட்டுவதும் ஒன்றுமில்லாததற்கு மேல். வங்காள தேசத்துக் கிராமங்களில் இவ்வாறு செய்ததில் வாந்திபேதி ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததென்று 2003-இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. வடிகட்டிய துணியை அலசி வெயிலில் உலர்த்த வேண்டும். காய்ச்ச முடிந்தவர்கள் சேலையோடு நின்றுவிடலாகாது.

மலம் கழித்த பின்னும், குழந்தையின் மலத்தை அகற்றிய பின்னும், சமைக்குமுன்னும் உண்ணுமுன்னும் சோப்புப் போட்டுக் கைகழுவுவது ஜலத்தைச் சுத்திசெய்வதற்குச் சமமான வேலை. தேங்கிய ஜலத்தில் செருப்பின்றி நடப்பதையும், காலில் வெடிப்போ புண்ணோ உள்ளவர் சேற்றில் இறங்குவதையும் தவிர்க்கவேண்டும். எலிக்காய்ச்சல் புகும் வாசல் அதுவே. செத்த கால்நடைகளைக் கிணற்றுக்கும் ஏரிக்கும் எட்ட ஆழப் புதைக்கவேண்டும். தோலுக்கு விலை கிடைக்கும் ஊரில் அதை உரித்துவிட்டுப் புதைக்க ஆசை வரும். எதனால் செத்ததென்று தெரியாத மாட்டில் அடைப்பான் நோய் இருக்குமாயின், உரித்தவர் உயிருக்கே ஆபத்து. பால் சங்கத்து அங்கத்தினர்கள் காய்ச்சிய அல்லது குளோரின் இட்ட ஜலத்தாலேயே கேன்களைக் கழுவவேண்டும். பாலில் ஜலம் சேர்ப்பவர்கள் எந்த ஜலத்தைச் சேர்க்கிறார்கள் என்பது வேறு விசாரணை.

இத்தனையும் செய்தும் பேதி கண்டுவிட்டால், உயிரைப் போக்குவது உடலிலுள்ள ஜலமும் உப்பும் வெளியேறுவதே. பேதி கண்ட குழந்தைக்கு ஜலம் கொடுக்காமல் வயிற்றைக் காயப்போடுவது நம்மவரிடையே வேரூன்றிய வழக்கம். இதைவிடக் கொடியது பிறிதில்லை. 1971-இல் வங்காள எல்லையில் பன்காவ் என்னுமிடத்தில் அகதிகள் முகாமில் வாந்திபேதி பரவியபோது, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகலநபீஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த ஜலத்தை, உறவினர்களைக் கொண்டே வாய்வழியாகப் புகட்டச் செய்தார். நூற்றுக்குச் சுமார் 30 ஆக இருந்த மரணம் 4-க்கும் கீழே இறங்கிற்று. அதுவே இன்று ஓ.ஆர்.எஸ். என்று பொட்டலமாக ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. பெரிய பொட்டலம் முழுவதையும் 1 லிட்டர் சுத்த ஜலத்தில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் உபயோகிக்கவேண்டும். பாதிப் பொட்டலத்தை ஒரு தம்ளரில் கரைப்பது தவறு. பொட்டலம் இல்லையேல் 1 லிட்டருக்குத் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்கும் பின் 50 முதல் 100 மில்லி லிட்டர் சிறிது சிறிதாகப் புகட்டவேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மீண்டும் தொடங்கவேண்டும். தாய்ப்பாலை நிறுத்தலாகாது. உப்பிட்ட கஞ்சியும் மோரும் நல்லவை. வைத்தியர் கொடுக்கும் துத்தநாக மாத்திரையைப் பேதி நின்ற பின்னும் சொன்ன நாள்வரை கொடுக்கவேண்டும்.

பேதி அரிசி கழுநீர் போல் இறங்கினாலும், கண் குழிந்தாலும், நாக்கு வறண்டாலும், சிறுநீர் நின்றாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், நோயாளி மயங்கினாலும் கணநேரம் தாமதியாமல் 108 வண்டியை அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். வழியிலும் புகட்டிக்கொண்டே போகவேண்டும். ஒரே தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் பேதி தோன்றினால், மறைக்காமல் அன்றே சுகாதார நிலையத்துக்குச் சொல்லியனுப்பவேண்டும். ஊருக்குக் கெட்ட பெயர் வருமென்று மூடிவைத்த வாந்திபேதி அடுத்த தெருவுக்குப் போவதை எவராலும் தடுக்கமுடியாது. 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இத்தகைய காலங்களை உத்தேசித்து இயற்றப்பட்டு, இன்றும் தமிழ்நாட்டில் அமுலில் இருக்கிறது.

கூட்டுறவுச் சங்கத்தார் வடகிழக்குப் பருவமழைக்கு முன், அதாவது செப்டம்பர் மாதக் கூட்டத்திலேயே, இதற்கான தீர்மானத்தை நிறைவேற்றிக்கொள்வது நலம். ஊரிலுள்ள குடிஜலக் கிணறுகளின் விட்டத்தையும், சாதாரண காலத்து ஜல ஆழத்தையும், அதற்குரிய பிளீச்சிங் பவுடரின் எடையையும் ஒரு அட்டையில் எழுதிச் சங்கக் கட்டிடத்தில் மாட்டலாம். இருட்டில் மழையில் பெருக்கல் கணக்குப் போடும் சிரமம் அப்போது இராது. லாங் பஜாருக்குச் சரக்கெடுக்கப் போகும் வண்டியிலேயே மூடியுள்ள பிளாஸ்டிக் டின்னில் தூளை வாங்கி வரலாம். தயாரித்த மாதத்தைப் பார்த்து வாங்கவேண்டும். அதனை உர மூட்டைகளோடு சேர்க்காமல், ஈரமும் வெயிலும் படாத வேறு மூலையில் உயரமாக வைக்கவேண்டும். தரையில் வைத்த டின் வெள்ளம் வந்த அன்று முதலில் மிதந்துபோகும் சாமானாகிவிடும். சாவி யாரிடம் இருக்கிறதென்பதை இரண்டு பேராவது அறிந்திருக்கவேண்டும்.